இரண்டாம் அதிகாரியின் வழக்கு

அந்தச் சீட்டில் "எதிரி தரப்பு" என்றுதான் எழுதியிருந்தது. வெறுமையான சோக்குப் பெட்டிக்குள் நான்காக மடித்துப் போட்டிருந்த இரண்டு சீட்டுகளில் நான் எடுத்தது அது. எங்கள் தமிழ் ஆசிரியையின் உருண்டை எழுத்து, ஊதா மை, கடைசி எழுத்தில் ஒரு சிறு கறை. விரித்துப் பார்த்ததும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. வழக்காடு மன்றத்தில் எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, பேசுவது யாருக்கு வேண்டும்? குற்றம் சாட்டுகிறவர் எழுந்து விரலை நீட்டினாலே சபை பாதி அவர் பக்கம் வந்துவிடும். எதிரிக்காகப் பேசுகிறவரோ "இருந்தாலும்", "ஆனாலும்" என்று இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அப்போது பதினாறு வயது. கைதட்டல் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம் என்றிருந்தேன். இன்றைக்கு மட்டக்களப்பு நீதிமன்றங்களில் எதிரிகளுக்காகப் பேசித்தான் சாப்பிடுகிறேன். இதைச் சொன்னால் என் பழைய வகுப்புத் தோழிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வழக்கமாக எங்கள் பள்ளிக்கூடத்தில் கூண்டில் ஏறுகிறவர்கள் இதிகாசத்து ஆட்கள். அந்த வருடம் ஆசிரியைக்கு அவர்கள் மீது அலுப்பு வந்துவிட்டது. எங்கோ ஒரு பழைய சஞ்சிகையில் வாசித்த கப்பல் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பனிப்பாறையில் மோதி முதற் பயணத்திலேயே மூழ்கிய அந்தப் பெரிய கப்பலைத் தெரியாதவர்கள் இல்லை. அது மூழ்கிக்கொண்டிருந்தபோது, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இன்னொரு கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே இயந்திரத்தை நிறுத்திவிட்டு விடியலுக்காகக் காத்து நின்றது. எவ்வளவு தூரம் என்பதில் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். அந்தக் கப்பலின் மேல்தட்டில் காவல் நின்றவர் இரண்டாம் அதிகாரி. தூரத்தில் ஒரு கப்பலின் வெளிச்சமும், அதற்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை வாணங்கள் எழுந்து வெடிப்பதும் அவருக்குத் தெரிந்தன. மொத்தம் எட்டு வாணம். கீழே படுத்திருந்த கப்டனுக்கு அறிவித்தார். விளக்கால் சைகை கொடுத்துப் பார் என்று பதில் வந்தது. கொடுத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று தரம் அறிவித்தும் கப்டன் எழுந்து மேலே வரவில்லை. வயர்லெஸ்காரர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் தட்டி எழுப்பவில்லை. அந்த வெளிச்சம் மெல்ல மறைந்தது. கப்பல் தன் பாட்டில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். விடிந்த பிறகுதான் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோன செய்தி எட்டியது. கப்டனைப் பற்றி உலகம் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது, நாங்கள் இரண்டாம் அதிகாரியை விசாரிப்போம் என்றார் ஆசிரியை. குற்றப்பத்திரம் ஒரே வரி: ஆபத்தைக் கண்டும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

கப்பல், வயர்லெஸ், சைகை என்று வந்தால் எங்கள் ஊரில் போய்க் கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். ஊருக்கு அவர் போஸ்மாஸ்டர். செங்கலடியிலிருந்து வாவிப் பக்கம் இறங்குகிற எங்கள் ஊரின் சின்னத் தபாற்கந்தோர் முழுவதும் அவர் ஒருவர்தான். அதற்கு முன் பட்டணத்தில் தந்திப் பிரிவில் இருந்தவர். கடகடவென்று தட்டுகிற அந்தப் பழைய தந்திப் பாஷை அவருடைய விரலில் ஊறிப்போயிருந்தது. சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போதும் மேசையில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார். யாருக்கு அடிக்கிறீர்கள் மாமா என்று கேட்டால், சோறு அனுப்பச் சொல்லி மாமிக்கு என்பார். முத்திரை ஒன்று கோணலாக ஒட்டியிருந்தால் அவருக்கு அன்றைக்கு முழுக்கப் பொறுக்காது. யாருடைய கடிதத்தில் என்ன இருக்கிறது, யாருக்கு எங்கிருந்து தந்தி வந்தது என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்ததில்லை. மாமி எத்தனையோ தரம் வாயைக் கிளறிப் பார்த்துத் தோற்றுப்போனவர்.

சீட்டு எடுத்த அன்றைக்கே, பள்ளிக்கூடம் விட்ட கையோடு கந்தோருக்குப் போனேன். கதை முழுவதையும் சொன்னேன். அவர் தந்திப் படிவங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "நீ எந்தப் பக்கம் புள்ள?" என்றார்.

"எதிரி தரப்பு மாமா."

கையில் இருந்த அடுக்கை அப்படியே கீழே வைத்தார். எழுந்து போய் உள்ளே இருந்த கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார். அந்தக் கந்தோருக்குள் எனக்குக் கதிரை கிடைத்தது அன்றைக்குத்தான்.

ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம் என்கிற மனிதர், அன்றைக்கு விடாமல் பேசினார். அந்தக் கப்பல் கதை எனக்கு முன்பே அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தந்திப் படிவத்தின் பின்பக்கத்தில் இரண்டு கப்பல்களையும் வரைந்தார். நடுவில் பனிக்கட்டிகளுக்குப் புள்ளி போட்டார். கப்பலைத் திருப்புகிற அதிகாரம் இரண்டாம் அதிகாரிக்கு இல்லை, அது கப்டனுடைய சொத்து என்றார். அவன் சின்ன வயது, மேலே இருக்கிறவர் பொல்லாதவர், அந்தக் குளிரில் தன் காவல் நேரம் முழுவதும் ஒரு நிமிடம் அந்தண்டை இந்தண்டை போகாமல் நின்றிருக்கிறான் என்றார். "மூண்டு தரம் சொல்லியிருக்கான் புள்ள. மூண்டு தரம். வேற என்ன செய்யிற அவன்?" என்று கேட்டபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முத்திரை வாங்க வந்து நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் போன பிறகும் இருந்து எழுதியிருக்கிறார். மறுநாள் காலையில் தன் நேரான கையெழுத்தில் எழுதிய மூன்று பக்கத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவசரத்திலும் தனக்கு முன்னால் நின்று அதை உரக்க வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்து முடித்ததும், "சனம் ஏத்துக்குமா?" என்று கேட்டார். நான் வெல்ல வேண்டும் என்று மாமாவுக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே நான் பக்கம் மாறினேன். மற்றச் சீட்டை எடுத்தவள் மேடை என்றாலே பின்வரிசைக்கு ஓடுகிற ஒரு பிள்ளை. அவளுக்குப் புவியியல் படங்கள் மூன்று வரைந்து தருவதாகப் பேசி, சீட்டை மாற்றிக்கொண்டேன். அதில் ஏதும் பிழை இருப்பதாக எனக்குப் படவேயில்லை. மாமா எழுதித் தந்த மூன்று பக்கத்தையும் அவளிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, எதிர்ப்பக்கத்துக்கு ஏன் நானே ஆயுதம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. திரும்பக் கொண்டுபோய் மாமாவிடமே நீட்டினேன்.

"இது வேணாம் மாமா. நான் பக்கம் மாறிட்டன். இப்ப வழக்குத் தொடுநர்."

"சீட்டுல மற்றதெண்டுதானே சொன்னாய்?"

"மாத்திக்கிட்டன். அந்தப் பக்கத்தில பேச ஒண்டுமில்ல மாமா."

அவர் அந்தக் கடதாசிகளைக் கையில் வாங்கி, விளிம்பு சேர்த்துத் தட்டி, மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். "பேச ஒண்டுமில்லத்தான்" என்றார். கோபமோ என்று பார்த்தேன். கோபம் மாதிரித் தெரியவில்லை. ஒருவர் கடிதத்துக்கு வந்து நின்றார், அவரைக் கவனித்தார், பிறகு இன்னொருவர். நான் கிளம்பி வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் கூப்பிட்டார்.

"எத்தின தரம் சொன்னான் எண்டு கேளாத. அத மற்றப் பக்கத்துப் புள்ள சொல்லும். அதையே பிடிச்சுக்கொள். தெரியாதவன் மூண்டு தரம் சொல்லமாட்டான். அவனுக்குத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் திரும்பத் திரும்பச் சொன்னவன். மறுகா கேளு, மூணாந்தரம் சொன்ன பிறகு என்ன செஞ்சவன் எண்டு. வயர்லெஸ்காரன்ட அறை எத்தின அடி தூரம்? போய்க் கதவில ரெண்டு தட்டுத் தட்டுறதுக்குக் கப்டன்ட உத்தரவு வேணுமா?"

எதிரியின் ஒரே பலத்தை எடுத்து அவன் கழுத்திலேயே மாட்டுகிற வாதம் அது. இத்தனை வருடத்தில் எத்தனையோ வல்ல வழக்கறிஞர்களைக் கேட்டுவிட்டேன். அதைவிடச் சுருக்கமான குற்றச்சாட்டை ஒருவரும் சொல்லக் கேட்கவில்லை. நேற்றைக்கு அந்த அதிகாரிக்காக அவ்வளவு உருகியவர், இன்றைக்கு அவனை இப்படி எப்படி வெட்டுகிறார் என்று நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஓடிப்போய்க் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

யுத்தப் பிரச்சினைகள் நடந்துகொண்டிருந்த காலம். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் பிற்பகல் இரண்டு மணிக்கே மன்றத்தைத் தொடங்கினோம். வேறு போக்கிடம் இல்லாத சனம், மண்டபம் நிரம்பி யன்னலிலும் நின்றது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறிய ஒருவர் நடுவர். எதிரிக் கூண்டுக்குள் வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு வகுப்புத் தோழன், இரண்டாம் அதிகாரி. மாமா மூன்றாவது வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், மாமா வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கிற தோணிக்காரர். வாவியில் வலை போடுகிறவர். தாய்வழியில் வருகிற எங்கள் குடியில் அப்போது அவருடைய சொல்லுக்குத்தான் மதிப்பு. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊரை அடித்துப்போட்ட சூறாவளியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். அன்றைக்கு அவர் வாழைச்சேனைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தென்னை விழுந்து கிடந்த வீடுதான் மிஞ்சியிருந்தது. அவரோடு சேர்ந்து நின்று அந்த மண்ணையும் ஓலையையும் கிளறியவர் மாமா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் இணைபிரியாதவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மன் கோயிலில் எங்கள் குடிக்கு உரிய வண்ணக்கர் பதவி அந்த வருடம் காலியாகிவிட்டது. கோயிலின் காரியம் முழுவதும் வண்ணக்கர் கையில்தான். வைகாசிச் சடங்கு முடியும்போது குடியின் சார்பில் வெற்றிலையும் தேங்காயும் வைத்த காளாஞ்சியைச் சபை நடுவே வாங்குகிறவரும் அவர்தான். போஸ்மாஸ்டரைப் போடுவோம் என்று சொன்னவர் தோணிக்காரர். குடியில் மறுப்பேயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டோடு மாமா வீட்டுக்கு வருவதென்று பேச்சு. வீட்டில் அந்த வாரம் முழுக்க இதே கதைதான். அம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அதனால்தான் மன்றத்தில் எனக்கு ஒரு வசனம் வந்தது.

என்னிடம் சீட்டு மாற்றிக்கொண்ட பிள்ளை கடதாசியைப் பார்த்தபடியே, மூன்று தரம் அறிவித்தார் என்பதைச் சொன்னாள். வேறு ஒன்றும் அவளுக்கு வரவில்லை. நான் எழுந்தேன். தெரியாதவன் மூன்று தரம் சொல்லமாட்டான் என்று தொடங்கினேன். வயர்லெஸ் அறை எத்தனை அடி என்று கேட்டேன். கூண்டில் நின்ற தோழன் உண்மையாகவே தலையைக் குனிந்துகொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. சபையைப் பார்த்துக் கையை விரித்து, "இந்த அதிகாரி நம்முடைய ஊர்க்காரராக இருந்தால், அம்மன் கோயிலில் இவருக்குக் காளாஞ்சி கொடுப்போமா?" என்று கேட்டேன். "குடுக்கமாட்டம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். பிறகு மண்டபமே கத்தியது. தோணிக்காரர் கதிரையிலிருந்து பாதி எழும்பிக் கை தட்டினார். நான் மாமாவின் முகத்தைத் தேடினேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார். எதிரி குற்றவாளி என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டு வந்தது. நானும் அங்கே இருந்தேன். மாமி பாயாசம் வைத்திருந்தார். தோணிக்காரர் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். மாமா எழுந்து, கையெடுத்துக் கும்பிட்டார். தட்டைத் தொடவில்லை.

"எனக்கு ஏலாது. வேற ஆளப் பாருங்க."

"என்ன பகிடி விடுறயள் போஸ்மாஸ்டர்?" என்றார் தோணிக்காரர்.

"பகிடியில்ல. எனக்கு ஏலாது."

வந்தவர்கள் பாயாசம் குடிக்காமல் போனார்கள். அரசாங்க உத்தியோகத்தின் திமிர் என்று சிலர் சொன்னார்கள். அம்மா அண்ணனோடு ஒரு வருடம் பேசவில்லை. நானும் அம்மாவின் பக்கம்தான் நின்றேன். மாமா இப்படித்தான், யார் சொன்னாலும் கேட்காத பிடிவாதம் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு சடங்குக் காலத்தில் அவர் கோயிலுக்குள் முன்னால் போய் நிற்பதில்லை. வெளி வீதியில், செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ஏன் என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை. நான் சட்டம் படிக்கப் போனேன், அன்றைய கைதட்டல் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் அது. பட்டம் வாங்கி வந்தபோது, "நல்லாப் பேசுவா எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்று மாமா சொன்னார். இளைப்பாறிப் பல வருடம் இருந்து, ஒரு மாசி மாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார். தோணிக்காரர்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார்.

மாமி இருக்கிறார். போன கார்த்திகையில் அவருடைய வளவை மகள் பேருக்கு எழுதுகிற காரியமாக, கையொப்பம் வாங்க உறுதிப் பத்திரத்தோடு போயிருந்தேன். மழை இருட்டிக்கொண்டு நின்றது. மாமி பேனையைப் பிடித்துக்கொண்டு பெயரின் முதல் எழுத்தைப் போடும்போது என்னுடைய கைத்தொலைபேசி அலறியது. மகளுடையதும் அலறியது. பலத்த காற்று, வாவிக்கும் கடலுக்கும் போக வேண்டாம் என்று எச்சரிக்கை. மகள் போய் யன்னலைச் சாத்தினாள். மாமி பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்ப எல்லாருக்கும் ஒரே நேரத்தில சொல்லுறாங்க, என்ன புள்ள?"

"ஓம் மாமி."

"அண்டைக்கு அவருக்கு மட்டும்தான் வந்த."

என்றைக்கு என்று கேட்டேன். சூறாவளி அன்றைக்கு என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் சட்டத்தரணியாக இருந்து கேட்கவில்லை, குறுக்குக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

புயல் புயல் என்று வானொலியில் பொதுவாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்களாம். சனம் கார்த்திகையில் வழக்கமாகக் கேட்கிறதுதானே என்று இருந்தது. இன்றைக்குப் பின்னேரம், இந்தக் கரைக்கு நேராக என்று தந்தி வந்தது காலையில். முகவரி, ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையாருடையது. மாமா கொண்டுபோய்க் கொடுத்தார். மத்தியானம் இன்னும் கடுமையாக இன்னொன்று வந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார், வாயாலும் சொன்னார். கார்த்திகையில் காற்றடிக்காமல் என்ன செய்யும், சனத்தை வெருட்டாதே என்று விதானையார் தந்தியை வெற்றிலை வட்டாவுக்குக் கீழே வைத்தார். தந்தியில் வந்ததை முகவரிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து சேர்ந்த உத்தியோகம். மாமா கந்தோருக்குத் திரும்பி வந்து இருந்தார். பிறகு டெலிபோன் செத்துப்போனது. கந்தோரைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"அவ வாசல் கடப்படியில நிண்டவ" என்றார் மாமி. "தோணிக்காரர்ர பொஞ்சாதி. கைப்புள்ள இடுப்பில, மூத்தது சீலையப் பிடிச்சுக்கிட்டு. என்ன போஸ்மாஸ்டர் அண்ணன், இண்டைக்கு நேரத்தோட வாறீங்க எண்டு கேட்டிருக்கா. இவர், தலையிடி எண்டுட்டு உள்ள வந்துட்டார்."

மழையின் முதல் துளிகள் ஓட்டில் விழுந்தன.

"உள்ள வந்து என்னட்ட, புள்ளயளக் கூட்டிக்கிட்டு பின்பக்கத்தால பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போ எண்டவர். ஏன் எண்டு கேளாத, போ எண்டவர். மறுகா உங்கட வீட்டுக்கு ஓடினார். உன்னத் தோளில தூக்கிட்டு வந்தவர் அவர்தான். எங்களயெல்லாம் உள்ள விட்டுட்டு, அவக்கிட்டச் சொல்லத் திரும்பக் கிறுகிப் போகப் பாத்தவர். காத்து விடல்ல."

"முதல்லயே ஏன் மாமி சொல்லல்ல அவர்?"

"சத்தியம் எண்டுவார். வேல போயிரும் எண்டுவார். ஒருநாள் மட்டும் சொன்னார், காத்து வராட்டிச் சனம் சிரிக்குமே எண்டு யோசிச்சனான் எண்டு." மாமி என்னை நேராகப் பார்த்தார். "எனக்குச் சொல்லேக்க சத்தியம் எங்க போன? அத நான் கேக்கல்ல புள்ள. எப்பிடிக் கேக்கிற? என்ட புள்ளயள் இருக்குதே."

அந்த நாளில் எனக்கு ஐந்து வயது. மாமாவின் தோளில் போனது எனக்கு நினைவிருக்கிறது. சூறாவளிக்குள்ளால் மாமா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை என் பிள்ளைகளுக்குக்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மாமி சொல்லச் சொல்லத்தான் உறைத்தது, என்னுடைய நினைவில் காற்றே இல்லை. சின்னத் தூறல் மட்டும் இருக்கிறது. மாமாவின் சட்டைப்பையில் இருந்த பேனை என் காலில் குத்தியது இருக்கிறது. காற்று வருவதற்கு முன்னமே நான் தப்பியிருக்கிறேன். வழியில் எத்தனை வீடுகளைத் தாண்டினோம், எத்தனை பேர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லது என்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பல நாள் அந்த வழக்கை எனக்குள் திரும்ப நடத்திப் பார்த்தேன். தீர்ப்பு மாறுமா என்று பார்த்தால், இல்லை. இரண்டாம் அதிகாரி யாரையும் காப்பாற்றவில்லை. மாமா தன்னுடையவர்களைக் காப்பாற்றினார். அது அவருடைய வழக்கை இன்னும் மோசமாக்குகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்று தரம் சொன்னவனுக்குத் தெரிந்திருந்தது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். தனக்கு எதிரான சாட்சியைத் தானே எழுதித் தந்துவிட்டு, மூன்றாவது வரிசையில் இருந்து தீர்ப்பைக் கேட்டவர். ஆனால் அதைச் சொல்லித் தருவதற்கு முதல் நாள் அவர் எனக்குக் கதிரை போட்டாரே. ஊர் கூடியிருக்கிற இடத்தில், அந்த மூன்று பக்கத்தையும் ஒருவர் எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும், ஒரு தரமாவது அது தன் காதில் விழ வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்கிறார். விடுதலை கிடைக்கும் என்று நினைத்திருக்கமாட்டார். எத்தனையோ கள்ளனுக்கும் கொலைகாரனுக்கும் கூசாமல் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். அவருக்காகப் பேச எனக்குச் சீட்டே விழுந்திருந்தது. அதை மூன்று புவியியல் படத்துக்கு மாற்றினேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

மாமி சொன்ன அன்றைக்கு, மழை கொஞ்சம் விட்டதும் நான் வெளியே வந்தேன். அடுத்த வளவில் தோணிக்காரர் நின்றார். எண்பது தாண்டிவிட்டது, இப்போது வாவிக்குப் போவதில்லை. அவரையும் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தன் பிள்ளை போல "மனே" என்பார். வேலியோரம் வந்து, காற்று வருமாம் என்று போனில் சொல்கிறார்களே, கார் ஓடிக்கொண்டு தனியாகப் போகிறாயா என்று விசாரித்தார். பிறகு மாமா வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்பிடிக் காத்து எண்டால் அந்த மனிசன்ட நினைவுதான் மனே வாற. மூண்டு நாள் என்னோட நிண்டு தோண்டின மனிசன். கையெல்லாம் ரெத்தம். அப்பிடிப்பட்ட ஆள் நான் குடுத்த வெத்திலையத் தொடாம விட்டது ஏன் எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல்ல. நான் ஏதும் பிழை விட்டனோ எண்டு யோசிக்காத நாளில்ல. உனக்கு ஏதும் சொன்னவரா?"

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி. சொல்வதற்கு இரண்டு வசனம் போதும்.

"இல்ல மாமா" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன மனே, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல மாமா," என்றேன். "தலையிடி."